லாரி மோதுவது விதியா?

நம் நாட்டில் ஒருவன் லாரியில் அடிபட்டுக் காலை இழந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், அவனைப் பார்க்க வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர், “என்ன செய்வது? தலையெழுத்து அப்படி இருந்தது, உயிர் தப்பியதே பெரிது” என்று சொல்லிவிட்டு எழுந்து போகின்றார்கள். பத்தாவது ஆள் ஒருவன் இருந்து, “லாரி என்ன வேகத்தில் வந்தது? பிரேக் பிடித்ததா? பின்விளக்கு எரிந்ததா? டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டினான்?” என்று கேட்டால், ‘கட்டிலடியில் நின்று வக்கீல் பேச்சுப் பேசுகிறான்’ என்று அவனை ஏசுகின்றார்கள். நம்முடைய அபிப்பிராயமோ, அந்தப் பத்தாவது ஆள்தான் அடிபட்டவனுக்கு உண்மையான உறவுக்காரன் என்பதேயாகும்.

புன்னைக்காயல் தாமிரபரணி கடலில் கலக்கின்ற இடத்தில் உள்ள ஊர். கடலை நம்பிப் பிழைக்கின்ற ஊர் என்றாலும், அவ்வூரார் மார்க்கெட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும், கோர்ட்டுக்கும் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ போகவேண்டுமானால் தார்ச்சாலைக்கு வந்துதான் ஆகவேண்டும். அந்தச் சாலையை உப்பு லாரியோடும், மீன் லாரியோடும், துறைமுகத்து லாரியோடும் பங்கு போட்டுக்கொண்டுதான் சைக்கிள்காரனும் மோட்டார் சைக்கிள்காரனும் போகவேண்டியிருக்கின்றது. கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தால், காற்று எந்தப் பக்கம் அடித்தது, நீரோட்டம் எப்படி இருந்தது, எந்தப் பலகை விட்டது என்று கேட்டுக் காரணம் சொல்லக்கூடிய பெரியவர்கள் அந்தக் கரையில் இருக்கின்றார்கள். கடலில் காரணம் தேடத் தெரிந்தவர்கள், சாலைக்கு வந்தவுடன் மாத்திரம் காரணத்தை விட்டுவிட்டு விதியைப் பிடித்துக்கொள்வானேன் என்று கேட்கின்றோம்.

இது ஏதோ இரண்டொருவர் விஷயமல்ல. 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்து, 1,68,491 பேர் மாண்டார்கள் என்று சர்க்கார் கணக்கே சொல்லுகின்றது. அவ்வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் ஸ்தானம் பெற்ற மாகாணம் நம் தமிழ்நாடுதான். 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். ஒரே வருஷத்தில் ஒரு நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தலையெழுத்து ஒரே மாதிரியாக, அதுவும் சாலையிலேயே முடியும்படி எழுதப்பட்டிருக்கின்றது என்று சொன்னால், எழுதினவனுக்கு வேறு கற்பனையே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்!

முத்துக்குளிப்பு நடந்த காலத்து வழக்கம் ஒன்றை இங்கு நினைவூட்ட ஆசைப்படுகின்றோம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நின்றுபோய்விட்டது. அது நடந்த நாளில் சுறாமீனின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருந்தார். அவர் மந்திரம் சொன்னால்தான் குளியாட்கள் கடலில் இறங்குவார்கள். அவருக்கு அதற்குக் கூலியும் உண்டு. ஆனால் அதே கரையில், எடுத்த முத்துக்கு விலை வைக்கின்ற சமயத்தில் எந்த வியாபாரியாவது மந்திரவாதியைக் கூப்பிட்டானா? இல்லை. துளைகளின் அளவு ஒன்றுக்கொன்று வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளை வைத்துச் சலித்து, தரம் பிரித்து, தராசில் நிறுத்துத்தான் விலை சொன்னார்கள். கூலிக்காரனுடைய உயிருக்கு மந்திரம். முதலாளியுடைய முத்துக்குச் சல்லடையும் தராசும்! இந்த ஓரவஞ்சனை அந்தக் காலத்தோடு போய்விட்டதென்று யாராவது நினைப்பார்களானால், அவர்கள் லாரி விபத்துக் கேசுகளைப் போய்ப் பார்க்கட்டும்.

லாரியின் முன்பக்கம் நசுங்கிவிட்டால், அந்த லாரிக்கு இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கும் முன் கம்பெனியார் என்ன செய்கின்றார்கள்? லைசென்ஸ் பெற்ற சர்வேயர் ஒருவர் கேமராவோடு வருகின்றார். எந்தப் பாகம் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வளைந்தது, எது பழைய அடி, எது புது அடி என்று அளந்து எழுதுகின்றார். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நஷ்டத்துக்கு அப்படிப்பட்டவருடைய அறிக்கை வேண்டும் என்று 1938-ம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்திலேயே விதி இருக்கின்றது. ஆனால் அதே லாரி ஒருவனுடைய இடுப்பை ஒடித்துவிட்டால், அதை அளக்க யார் வருகின்றார்கள்? போலீஸ்காரர் ஒருவர் பார்வை மகஜர் ஒன்று எழுதி, மாதிரி வரைபடம் என்று நாலு கோடு போடுகின்றார். மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, விபத்து இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதல்ல என்று ஒரு வரி எழுதுகின்றார். அவ்வளவோடு சரி. தகரத்துக்கு நிபுணர் உண்டு. மனித எலும்புக்கு நிபுணர் இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

2022 செப்டம்பர் 4-ந் தேதி பெரிய தொழிலதிபரான சைரஸ் மிஸ்திரி அவர்கள் பால்கர் ஜில்லாவில் சூர்யா நதிப் பாலத்தருகே கார் மோதி இறந்தார். அந்தக் காரைச் செய்த கம்பெனியார் காரில் இருந்த பதிவுக் கருவியைப் படித்து, மோதுவதற்கு 5 விநாடிகளுக்கு முன் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றும், பிரேக்கை அழுத்தினபின் மோதும்போது 89 கிலோமீட்டர் என்றும் போலீசாருக்கு அறிக்கை கொடுத்தார்கள். பாலத்தின் அமைப்பையும் நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். இப்படி ஆராய்ந்ததை நாம் குறை கூறவில்லை, அப்படித்தான் செய்யவேண்டும். ஆனால் அந்த அறிவு ஆத்தூரிலும் ஏரலிலும் முக்காணியிலும் அடிபடுகின்ற ஏழைக்கு மட்டும் ஏன் எட்டாததாக இருக்கவேண்டும் என்பதுதான் நமது கேள்வி.

இனி, இதில் அடிபட்டவனுக்கு என்ன லாப நஷ்டம் என்று பார்ப்போம். முப்பது வயதுள்ள கடல்தொழிலாளி ஒருவன் மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்து வந்தான் என்றும், லாரியில் அடிபட்டு அவனுடைய சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு அறுபது போய்விட்டது என்றும் வைத்துக்கொள்ளுவோம். வருஷ வருமானம் 1,80,000. சுயதொழில் செய்யும் நாற்பது வயதுக்குட்பட்டவனுக்கு எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 கூட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் பிரணய் சேத்தி கேசில் வகுத்த கணக்கின்படி அது 2,52,000 ஆகின்றது. முப்பது வயதுக்குப் பெருக்கல் எண் 17 என்பது 2009-ல் சரளா வர்மா கேசில் தீர்மானமானது. பெருக்கினால் 42,84,000. இதில் நூற்றுக்கு அறுபது என்றால் 25,70,400 ரூபாய். வைத்தியச் செலவும், வலிக்கும் வேதனைக்கும் கொடுப்பதும் தனி.

இப்பொழுது எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, “அவனும்தான் அஜாக்கிரதையாக வந்தான், பாதித் தப்பு அவனுடையது” என்கின்றார். மறுத்துக் காட்ட ஆதாரமில்லாமல் நீதிபதியும் அதை ஒப்புக்கொண்டுவிட்டால், ஒரே வார்த்தையில் 12,85,200 ரூபாய் பறந்து போகின்றது. இந்தப் பன்னிரண்டே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட பணம் எதைப் பொறுத்திருக்கின்றது? சாலையில் இருந்த ஒரு தடத்தை யாராவது அளந்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கின்றது. கால் போனவனுடைய பெண்டு பிள்ளைகள் சாப்பிடுவதா பட்டினி கிடப்பதா என்பதே அந்த அளவு நாடாவில் தொங்குகின்றது.

அளப்பதில் அப்படி என்ன வித்தை இருக்கின்றது என்று கேட்கலாம். வித்தை ஒன்றுமில்லை; கணக்குத்தான். பிரேக்கை அழுத்தி மிதித்ததால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால், டயர் தாரில் கருப்புக் கோடு போடும். அந்தக் கோட்டின் நீளத்தையும், டயருக்கும் தாருக்கும் உள்ள உராய்வின் அளவையும் கொண்டு வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். சமதரைச் சாலையில் கோடு 40 மீட்டர் என்றும், உராய்வு எண்ணைப் பாதி என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், பிரேக் பிடிக்கத் தொடங்கியபொழுது வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வருகின்றது. கோடு முடிந்த இடத்தில் மோதல் நடந்திருந்தால் வண்டியில் இன்னும் வேகம் மிச்சம் இருந்தது என்று பொருள். ஆகவே உண்மை வேகம் அதற்கும் மேலே. டிரைவர் கூண்டில் ஏறி, ‘முப்பதில் தான் வந்தேன்’ என்று எத்தனை சத்தியம் செய்தாலும், அந்தக் கோடு அவனுக்காகப் பொய் சொல்லாது. வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடந்தான். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவன், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள், ஒன்றரை விநாடியில் 25 மீட்டர் ஓடிவிடுகின்றான் என்பதும் அப்படியே.

கோடு மாத்திரமல்ல. பழைய மாதிரி பல்புக்குள் இருக்கும் கம்பி, எரிந்துகொண்டிருக்கும்போது மோதினால் சூட்டினால் இளகி நீண்டு வளையும். அணைந்திருக்கும்போது மோதினால் அப்படியே ஒடியும். ராத்திரியில் விளக்கில்லாமல் சாலையோரம் நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் மோட்டார் சைக்கிளில் போய் மோதினவனுக்கு அந்தச் சின்னக் கம்பிதான் சாட்சி. புது லாரிகளில் பல்புக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டபடியால், அங்கே ஒயரையும் பியூசையும் பார்க்கவேண்டும். தேய்ந்து பட்டை தெரிகிற டயர் வேறு, கல் குத்தி வெடித்த டயர் வேறு, மோதினதால் கிழிந்த டயர் வேறு. தெரிந்தவன் பார்த்தால் மூன்றும் மூன்று கதை சொல்லும். தர்மபுரிப் பக்கத்துத் தொப்பூர்க் கணவாயைப் போன்ற இறக்கங்களில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் வண்டியை விட்டு, பிரேக்கையே நம்பி இறங்கி, பிரேக் டிரம் காய்ந்து பிடிக்காமல் போனால், “பிரேக் பெயிலியர்” என்கின்றார்கள். பெயிலியர் ஆனது பிரேக்கா, ஓட்டின முறையா, ஏற்றின பாரமா என்பதை டிரம்மும் லைனிங்கும் சொல்லும்.

சென்ற 2020 பிப்ரவரி 20-ந் தேதி விடியற்காலையில் அவிநாசி அருகே நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் நோக்கி வந்த கேரள சர்க்கார் பஸ்ஸின் மேல், எதிர்ப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்த கண்டெய்னர் லாரி ஒன்று நடுத்திட்டைத் தாண்டி வந்து மோதியது. பத்தொன்பது பேர் இறந்தார்கள். முதலில் கிளம்பின பேச்சு, டயர் வெடித்தது என்பது. டயர் வெடித்தால் யார் என்ன செய்ய முடியும் என்று ஊரும் ஒப்புக்கொண்டிருக்கும். ஆனால் கேரள மோட்டார் வாகனத் துறை அதிகாரிகள் இடத்தைப் பார்த்து, தடங்களை ஆராய்ந்து, டிரைவர் கண்ணயர்ந்ததே காரணம் என்றும், நடுத்திட்டில் உராய்ந்து ஏறினதன் பலனாகவே டயர் போயிற்று என்றும் சொன்னார்கள். காரணமும் காரியமும் இடம் மாறி நின்றதைப் பாருங்கள்! தடத்தைப் பார்க்காதவனுக்கு டயர் வெடித்ததால் லாரி ஓடிற்று. தடத்தைப் பார்த்தவனுக்கு லாரி ஓடினதால் டயர் வெடித்தது. முன்னதில் குற்றவாளி ரப்பர். பின்னதில் தூக்கத்தையும் ஓய்வையும் திருடின வேலைமுறை. 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணிதான் வேலை என்றும், தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாதென்றும் வகுத்தது. சட்டம் ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம் என்றிருந்தது.

டயர் வெடிப்பதைப் பற்றி இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2010-ல் பூனா, பம்பாய்ப் பக்கத்தில் டயர் வெடித்துக் கார் கவிழ்ந்து ஒருவர் இறந்த கேசில், இன்ஷூரன்ஸ் கம்பெனியார் பம்பாய் ஐகோர்ட்டில் சொன்ன வாதம் என்ன தெரியுமா? டயர் வெடித்தது ‘கடவுள் செயல்’. ஆகவே பணம் கொடுக்கவேண்டியதில்லை என்பது! பிரீமியம் வாங்கும்போது வராத கடவுள், பணம் கொடுக்கும்போது மாத்திரம் வந்து கம்பெனிக்கு வக்காலத்துப் போடுகின்றார். ஐகோர்ட்டார் 2023-ல் அதை ஒப்பவில்லை. அதிக வேகம், காற்றுக் குறைவு அல்லது மிகுதி, பழைய டயர், சூடு ஆகியவைகளால்தான் டயர் வெடிக்கும். பயணத்துக்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வண்டிக்காரர். அது மனிதனுடைய அஜாக்கிரதை என்று தீர்ப்புச் சொன்னார்கள். இதற்கு முன்பே 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஜீப்பின் முன்டயர் வெடித்து நடந்து போனவர்மேல் கவிழ்ந்த கேசில், டிரைவரின் தப்பு ருஜுவாகாவிட்டாலும் வண்டிச் சொந்தக்காரர் நஷ்டஈட்டிலிருந்து தப்ப முடியாது என்று தீர்த்தது. கோர்ட்டுகளே கடவுள் செயலைத் தள்ளிவிட்டபின், அடிபட்டவன் வீட்டார் மாத்திரம் அதை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்?

நிற்க, வரைபடத்தினால் ஆகக்கூடியதையும் ஆகாததையும் சேர்த்தே சொல்லவேண்டும். 2011 டிசம்பரில் ராத்திரி நேரத்தில் நடுரோட்டில் விளக்கோ அடையாளமோ இல்லாமல் நிறுத்தியிருந்த ஒரு காஸ் டேங்கர் லாரியில் ஒரு கார் மோதிற்று. ஐகோர்ட்டு, கார்க்காரனுக்கும் பாதித் தப்பு உண்டென்று நஷ்டஈட்டைப் பாதியாக வெட்டிவிட்டது. சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் அர்ச்சித் சைனி கேசில், சாட்சியையும் சம்பவ இட வரைபடத்தையும் பார்த்து, அந்த வெட்டை ரத்துச் செய்து, முழுத் தப்பும் லாரியுடையதே என்றது. ஒரு காகிதத்தில் போட்ட வரைபடம் ஒரு குடும்பத்தின் பாதிப் பணத்தைத் திருப்பிக்கொண்டு வந்தது. ஆனால் 2013-ல் ஜிஜு குருவிளா கேசில் அதே கோர்ட்டு வேறொன்றும் சொல்லியிருக்கின்றது. மோதினபின் வண்டிகள் நின்ற இடத்தை மாத்திரம் மகஜரில் பார்த்து, இன்னார் தப்பு என்று முடிவு கட்டக்கூடாது. வேகம், மோதலின் பலம், மோதின பாகம் முதலிய பல விஷயங்களைப் பொறுத்தே வண்டி போய் நிற்கும் என்றது. இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் விளங்குவதென்ன? அளவும் வேண்டும், அந்த அளவைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும் என்பதே.

அப்படிப் படிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லையா என்றால், தாராளமாக இருக்கின்றது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 169-வது பிரிவு, நஷ்டஈட்டு டிரிபியூனல் தனக்கு உதவியாக விசேஷ ஞானமுள்ள ஒருவரையோ பலரையோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுகின்றது. சாட்சிகளைக் கூப்பிடவும், தஸ்தாவேஜிகளை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அதற்கு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, போலீசார் சம்பவ இடத்தைப் பல கோணத்தில் படமெடுத்து, அளவு வைத்து வரைபடம் போட்டு, முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான விபத்து அறிக்கையை 90 நாளுக்குள்ளும் கொடுக்கவேண்டும். அதே வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் கோஹர் முகமது கேசில் இதை எல்லா மாகாணங்களும் நடத்திவைக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. ஆகவே இல்லாதது சட்டமல்ல. அதைக் கேட்டு வாங்குகின்ற ஆளே.

ஆனால் சட்டத்தில் ஓட்டையும் உண்டு. விபத்து வண்டியைப் பரிசோதனைக்கு எடுத்துப்போனால், வேலை முடிந்து 24 மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று 136-வது பிரிவு சொல்லுகின்றது. லாரி ஒரு நாள் நின்றால் முதலாளிக்கு வாடகை நஷ்டம் என்பதில் சட்டத்துக்கு எவ்வளவு கவலை! அடிபட்டவன் மயக்கம் தெளிவதற்கு முன் லாரி பட்டறைக்குப் போய், பம்பர் நிமிர்ந்து, விளக்கு மாறி, பெயிண்டும் அடித்துக்கொண்டு வந்துவிடலாம். மற்றொன்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டம், ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களுக்குத் தடய நிபுணர் நேரில் வரவேண்டும் என்கின்றது. அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பதற்கோ சாதாரணமாக அதிகபட்சத் தண்டனை ஐந்து வருஷம். ஆகவே லாரி ஏறிச் செத்தவனுக்காக நிபுணர் வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இந்தப் பிரிவினால் இல்லை.

காகிதமும் தாரும் போதாவிட்டால், இயந்திரங்களே எழுதி வைக்கின்ற கணக்கு இருக்கின்றது. மதுரை ரோட்டில் புதூர்ப்பாண்டியாபுரத்திலும் திருநெல்வேலி ரோட்டில் வாகைக்குளத்திலும் உள்ள சுங்கச் சாவடிகளில் லாரி எத்தனை மணிக்கு எத்தனை நிமிஷத்துக்குக் கடந்தது என்பது பாஸ்டேக் கணக்கில் பதிவாகின்றது. இரண்டு சாவடிக்கு நடுவேயுள்ள தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். எங்கே புறப்பட்டு எங்கே நிற்காமல் வந்தான் என்பதும் தெரிந்துவிடும். கம்பெனி லாரிகள் பலவற்றில் ஜி.பி.எஸ். கருவி இருக்கின்றது. பெட்ரோல் பங்கிலும் கடை வாசலிலும் கேமரா இருக்கின்றது. ஆனால் கேமராவின் பதிவு நாளானால் தானே அழிந்துபோகும். அமெரிக்காவில் லாரி கேஸ் எடுக்கின்ற வக்கீல், முதல் வேலையாக லாரிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பதிவு ஒன்றையும் அழிக்காதே என்று கட்டிப்போடுகின்றார். அந்நாட்டில் பெரும்பாலான நெடுந்தூர லாரிகளில் ஓட்டுகின்ற நேரத்தைப் பதிவு செய்யும் மின்கருவி 2017 டிசம்பர் முதல் கட்டாயம். நம் வக்கீல்கள் அந்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

மோதலைப் படிப்பதோடு வேலை முடிந்துவிடாது. அடிபட்டவனுடைய உடம்பையும் படிக்கவேண்டும். சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் ராஜ்குமார் கேசில் சொன்னது என்னவென்றால், அங்கஹீனம் எத்தனை சதவிகிதம் என்று டாக்டர் எழுதுவது வேறு. அதனால் பிழைப்பு எத்தனை சதவிகிதம் போயிற்று என்பது வேறு என்பதாகும். ஒரு கை போன குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஒரு கை போன தச்சனோ டிரைவரோ என்ன செய்வான்? அதுபோலவே, கால் மடங்காதவன் ஆடுகின்ற வள்ளத்தில் நின்று வலை இழுக்க முடியுமா? இதை டாக்டரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டு, தொழிலின் தன்மையையும் எடுத்துச் சொல்லி ருஜுப்படுத்தாவிட்டால், பிழைப்பு முழுவதும் போனவனுக்கும் நூற்றுக்கு முப்பது என்று காகிதத்தில் உள்ளதுதான் கிடைக்கும்.

இவ்வளவும் சொல்வதால், நிபுணர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணவேண்டாம். சாமியார் சொன்னார் என்று நம்புவது மூடநம்பிக்கையானால், கோட்டுப் போட்டவர் சொன்னார் என்று நம்புவதும் மூடநம்பிக்கைதான். பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவியுள்ள லாரி, பிரேக் பிடித்தாலும் பளிச்சென்று கோடு போடாது. அதை அறியாமல் “கோடு இல்லை, ஆகவே பிரேக்கே பிடிக்கவில்லை” என்கிற நிபுணரும் இருக்கக்கூடும். கம்பெனிக் கூலிக்குக் கம்பெனிப் பாட்டுப் பாடுகிறவரும் இருக்கக்கூடும். ஆகவே எதை அளந்தீர், எந்த எண்ணை வைத்தீர், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று குறுக்குக் கேள்வி கேட்கவேண்டும். கணக்கைக் காட்டுகிறவரே நிபுணர். காட்ட மறுக்கிறவர் ஜோசியர்.

அன்றியும், டிரைவரைத் தூக்கில் போடுவதற்காக நாம் இதை எழுதவில்லை. அவனும் தொழிலாளிதான். கூட்டம் கூடினவுடன் அடி வாங்குகிறவனும், ஜெயிலுக்குப் போகிறவனும் அவன்தான். சரியாக ஆராய்ந்தால், தப்பு அவனிடம் இல்லாமல், இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் வாங்கின முதலாளியிடமோ, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினவரிடமோ, வளைவில் அறிவிப்புப் பலகை வைக்காத ரோடு கண்டிராக்டரிடமோ இருக்கலாம். ரோட்டை ஒழுங்காகப் போடாதவர்களுக்கு அபராதம் உண்டென்று 2019-ம் வருஷத் திருத்தம் சொல்லுகின்றது. சாட்சியை விலைக்கு வாங்கலாம். தடத்தை விலைக்கு வாங்க முடியாது. அதனால்தான் தடத்தை ஆராய்வது அடிபட்டவனுக்கும் நல்லது, யோக்கியமான டிரைவருக்கும் நல்லது.

ஆதலால் தோழர்கள் செய்யவேண்டியது என்னவென்றால், விபத்து நடந்தால் முதலில் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். அடுத்தபடி, வண்டியை நகர்த்துமுன் செல்போனில் படம் எடுக்கவேண்டும். டயர்க் கோடு, உடைந்த கண்ணாடி விழுந்த இடம், லாரியின் பின்விளக்கு, ஒளிரும் பட்டை, டயரின் தேய்மானம், பார வில்லை ஆகிய எல்லாவற்றையும் எடுக்கவேண்டும். கோட்டை அடியால் அளந்தாலும் அளக்கவேண்டும். பக்கத்துக் கடைக்காரரிடம் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே எழுதிக் கொடுக்கவேண்டும். அடிபட்டவனுடைய ஹெல்மெட்டையும், இரத்தம் பட்ட சட்டையையும், நசுங்கின மோட்டார் சைக்கிளையும் அபசகுனம் என்று தூக்கி எறியவோ காயலான் கடைக்குப் போடவோ கூடாது; அவை சாட்சிகள். போலீசாரிடம் விரிவான விபத்து அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கவேண்டும். ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்று 2019 திருத்தம் 2022 ஏப்ரல் முதல் விதித்திருப்பதால், தள்ளிப்போடாமல் அதற்குள் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். விபத்து எந்த ஜில்லாவில் நடந்தாலும், தான் குடியிருக்கும் எல்லையிலுள்ள டிரிபியூனலிலேயே மனுக் கொடுக்கலாம். பணமில்லாதவர்கள், பெண்கள், அங்கஹீனர்கள் ஆகியோர் ஜில்லாச் சட்ட உதவி ஆணையத்தில் இலவச வக்கீல் கேட்கலாம். வக்கீலிடம் தயங்காமல், “169-வது பிரிவின்படி நிபுணர் வேண்டுமென்று மனுப் போடுங்கள்” என்று சொல்லவேண்டும். கிரிமினல் கேசைப்போல் சந்தேகத்துக்கிடமில்லாமல் ருஜுப்படுத்த வேண்டியதில்லை. எது நடந்திருக்கக்கூடும் என்று தராசு சாய்ந்தால் போதும் என்று 2009-லேயே சுப்ரீம் கோர்ட்டு பிம்லா தேவி கேசில் சொல்லியிருக்கின்றது. அந்தத் தராசைச் சாய்க்க ஒரு நல்ல அளவு போதும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. கோயம்புத்தூரில் 2011 முதல் விபத்துகளை இடத்துக்கே போய் அளந்து ஆராய்கின்ற வேலை நடந்து வருகின்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியால் விபத்து விவரங்களைக் கணினியில் சேர்க்கும் ஏற்பாடும் நாடு முழுவதற்கும் வந்திருக்கின்றது. அறிவு நம் மாகாணத்திலேயே இருக்கின்றது. அது அடிபட்டவனுடைய கேஸ் கட்டுக்குள் வரவில்லை என்பதுதான் குறை. ஜில்லாவுக்கு ஒரு விபத்து ஆராய்ச்சிக் குழு வேண்டும். என்ஜினியரிங் கல்லூரி ஆசிரியர்களைக் கொண்டு டிரிபியூனலுக்கு ஒரு நிபுணர் ஜாபிதா வேண்டும். அவர்களுடைய கூலி அடிபட்டவன் தலையில் விழக்கூடாது. சாவோ அங்கஹீனமோ ஏற்பட்ட கேசில் லாரியை முறையாகப் பரிசோதித்து முடிக்கும் வரையில் திருப்பிக் கொடுக்கக்கூடாது.

முத்துக்குச் சல்லடை வைத்த கரை, மனிதனுடைய காலுக்கும் ஒரு சல்லடை வைக்கட்டும். விதி என்று சொல்லுகின்ற ஒவ்வொரு வாயும், அறிந்தோ அறியாமலோ, தப்புச் செய்தவனுக்கு ரசீது எழுதிக் கொடுக்கின்றது. ஆதலால் இனி ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகின்ற தோழர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஓர் அளவு நாடாவையும் எடுத்துப் போகும்படியாகவும், ‘தலையெழுத்து’ என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும்படியாகவும் கேட்டுக்கொள்ளுகின்றோம்.